முப்பத்தொன்பது நீலச் சட்டைகளும் ஒரு கலைப்புத் தீர்மானமும்

வாக்காளர் உரிமைச் சங்கத்தில் டீ வாங்குவதா வேண்டாமா என்பதற்குக்கூட ஓட்டெடுப்பு உண்டு. ஒன்பது வருடங்களாக ஒவ்வொரு கூட்டத்திலும் டீ ஜெயித்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு ஓட்டு எதிராக விழுந்திருக்கிறது. அது தையல்காரருடைய ஓட்டு. அவருக்கு டீ பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தீர்மானம் நிறைவேறியதும் முதல் டம்ளரை எடுப்பவரே அவர்தான். எதிர்ப்பில்லாமல் எதுவும் நிறைவேறக் கூடாது என்பது அவருடைய கொள்கை. சங்கத்தில் அவருக்கு எதிர்ப்பு மாமா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரையும் அவர் எதிர்த்தார்.

இப்படிப்பட்ட சங்கத்துக்குச் செயலாளராக இருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அது ஜெராக்ஸக்காவிடம் இருந்தது. வார்டு ஆபீசுக்கு நேரெதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். 'ஒரிஜினல் எங்கே?' என்று அந்த ஆபீஸ் கேட்டுக் கேட்டு ஓட விட்ட ஜனங்கள் அத்தனை பேரும் மூச்சு வாங்க வந்து நிற்கிற இடம் அவள் கடைதான். யாருக்கு என்ன காகிதம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு ஆபீசுக்கே தெரியாது.

அன்றைக்கு வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள்: அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். காரணம்: வசிக்கவில்லை. அத்தனை பேரும் மேட்டுத் தெரு.

மேட்டுத் தெருக்காரர்கள் வீட்டுக்குள் வேறு பாஷை பேசுவார்கள். கும்பிடுவதும் வேறு மாதிரி. ஊரில் நூற்றுக்கு எட்டுப் பேர் இருந்தால் அதிகம். ஆனால் தேர்தல் நெருங்கினால் போதும், அந்த எட்டுப் பேரால் மீதித் தொண்ணூற்றிரண்டு பேருக்கும் பெரிய ஆபத்து என்று மைக்கண்ணன் கண்டுபிடித்துவிடுவார். மைக்கண்ணன் ஆளுங்கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். கல்யாண வீட்டில் மைக் டெஸ்ட் செய்யக் கூப்பிட்டால்கூட அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் இறங்குவார்.

நீக்கிய விதம் ரொம்ப எளிமையானது. சரிபார்க்கும் ஊழியர் காலை பதினொரு மணிக்கு மேட்டுத் தெருவில் கதவைத் தட்டினார். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குச் சலவை ஆலையில் வேலை. பதினொரு மணிக்கு அவர்கள் ஊர்த்துணியை வெளுத்துக்கொண்டிருப்பார்கள். கதவு பூட்டியிருந்தது. 'வசிக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சில வீடுகளில் கதவையும் தட்டவில்லை. அந்தத் தெரு என்றால் போதும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று நாலாவது பெயர் ஜெராக்ஸக்காவின் புருஷனுடையது. மேட்டுத் தெருவில் பிறந்து, சலவை ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்து, இவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, அதே தெருவிலேயே குடித்தனம் நடத்துகிறவர். அவளுடைய ஓட்டு மட்டும் பிறந்த வீட்டு விலாசத்திலேயே இருந்ததால் தப்பித்திருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் இங்க வசிக்கலையாமா?" என்றார் அவர்.

"ஆமாங்க. அரசாங்கமே சொல்லிடுச்சு."

"அப்படின்னா இன்னிக்குப் பாத்திரம் கழுவ வேண்டியது நான் இல்ல." சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்மா, பதினெட்டு வயசுலேருந்து ஒரு தடவ விட்டதில்ல. இத்தனைக்கும் நான் போட்ட ஆளு ஒருத்தன்கூட ஜெயிச்சதில்ல. இருந்தாலும் வரிசையில நிக்கும்போது ஒரு இது இருக்கும் பாரு... அங்க மட்டும்தான் என்னைப் பாத்து 'நீ எந்த ஊரு'ன்னு யாரும் கேக்கமாட்டான்."

 அவளிடம் ஒரு சங்கம் இருந்தது; மறுநாளே பொதுக்குழுவைக் கூட்டினாள்.

சங்கம் மனுப் போட்டது. விதிப்படி ஆளுக்கொரு மனு போடவேண்டும், இல்லாவிட்டால் பதிவு பெற்ற சங்கம் ஒன்று எல்லோருக்காகவும் சேர்த்துப் போடலாம். ஆளுக்கொன்று போடும் கெடு பட்டியல் ஒட்டிய அன்றைக்கே சாயங்காலம் முடிந்திருந்தது. அதையும் விதிப்படிதான் செய்திருந்தார்கள். ஆகவே சங்கம் போட்டது. ஒரே மனு, பின்னிணைப்பாக அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். விசாரணை அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு.

அன்றிலிருந்து ஜெராக்ஸக்கா கடைக்குப் பெயர்ப்பலகை விதிமீறல் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. தீயணைப்பு வாளி இல்லை என்று இன்னொன்று வந்தது. வாளி வாங்கி வைத்தாள். வாளி சிவப்பு நிறத்தில் இல்லை என்று மூன்றாவது வந்தது. மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தாள். தன் கடையில் தானே வாடிக்கையாளராக இருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

இவ்வளவு விவரமான பொம்பளை செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு காரியம் செய்தாள்.

மோட்டார் பைக்கில் வந்த ஒருவன் நாற்பது உறுப்பினர் விண்ணப்பங்களை மேஜையில் வைத்தான். ஒன்பது வருடத்தில் சங்கத்தில் சேர்ந்து நிலைத்தவர்களே மொத்தம் இருபத்துமூன்று பேர். அதிலும் மூன்று பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். நாற்பதையும் ஜெராக்ஸக்கா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். நாற்பதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பியிருந்தது. 'சேர விரும்பும் காரணம்' என்ற இடத்தில் நாற்பது பேரும் 'ஜனநாயகத்தின் மேலுள்ள ஆர்வம்' என்றே எழுதியிருந்தார்கள். என்ன ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டாள்; பெயரையோ போட்டோவையோ கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் சங்க விதிப்புத்தகத்தை நாற்பது பிரதி எடுத்துக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் செயற்குழு கூடி 'இளைய தலைமுறைக்கு வரவேற்பு' என்று தீர்மானம் போட்டது. ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று.

புதன்கிழமை காலை பதிவுத்தபால் வந்தது. புதிய உறுப்பினர்கள் நாற்பது பேரும் கையெழுத்திட்டு, அவசரப் பொதுக்குழு கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு பொருள்தான்: சங்கத்தைக் கலைப்பது. நகல் சங்கப் பதிவாளர் அலுவலகத்துக்கு. முதல் கையெழுத்து மைக்கண்ணனுடையது.

சங்கம் கலைந்தால் மனுதாரர் இல்லை. மனுதாரர் இல்லாவிட்டால் மனு இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் அடுத்த ஐந்து வருடத்துக்கு வசிக்கமாட்டார்கள்.

செயற்குழு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இருந்த அறையில் கூடியது. பல் டாக்டர்தான் தலைவர். வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடமே இருபது வருடம் பேசிப் பழகியதால், எதிரில் இருப்பவர் பதில் சொல்லக்கூடும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம், சேர்ந்த நிமிடத்திலிருந்து ஓட்டு உண்டு, வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் சொன்னால் சங்கத்தையே கலைக்கலாம் என்று விதி எழுதியவர் அவர்தான்.

"ஜனநாயகத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் பெருமையோடு.

"நாற்பது பேரு ஒரே கையெழுத்து டாக்டர்!" என்றார் பூகோள டீச்சர். "நாலாங்கிளாஸ் புள்ளைங்க இப்படி ஹோம்வொர்க் கொண்டு வந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். இவ எப்படி விட்டா?"

ஜெராக்ஸக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, ஆனது ஆச்சு. ஃபாரமெல்லாம் உன் கடையிலதானே இருக்கு?" டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தீயணைப்பு வாளி இருக்கே, அது தவறிப்போய்க் கொட்டிடுச்சுன்னு வெச்சுக்கோ. ஃபாரம் இல்ல, உறுப்பினர் இல்ல. முடிஞ்சது கதை."

 எதிர்ப்பு மாமாகூட எதிர்க்கவில்லை. எல்லோரும் ஜெராக்ஸக்காவைப் பார்த்தார்கள்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வாளித் தண்ணீர். புருஷன் வரிசையில் நிற்பது கண்முன்னால் வந்தது. நாற்பது ஃபாரமும் கோப்புக்குள் இருந்தன, நாற்பது போட்டோ ஒட்டியிருந்தது. மைக்கண்ணனைத் தவிர அதில் இருந்த ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆளுடைய முகம்.

"வேணாம் டீச்சர்" என்றாள். "இருக்கிற ஆளை இல்லன்னு எழுதிட்டாங்கன்னுதான் நாம மனு போட்டிருக்கோம். அதையே நானும் செஞ்சிட்டு, திங்கக்கிழமை அங்க போயி எந்த வாயோட பேசறது?"

"அப்போ தோத்துப் போவோம்டி!"

"விதிப்படி நடப்போம்" என்றார் பல் டாக்டர்.

"விதிப்படி நடந்து தோத்தா?"

"விதிப்படி தோப்போம்."

எதிர்ப்பு மாமா எழுந்து, இந்த முடிவைத் தான் கடுமையாக எதிர்ப்பதாகக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பொதுக்குழு. கிளினிக் மாடி போதாது என்பதால் டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய வகுப்பறைக்கு அனுமதி வாங்கியிருந்தார். இரண்டு வேன்களில் புது உறுப்பினர்கள் வந்து இறங்கினார்கள். மைக்கண்ணனுக்கு வெள்ளைச் சட்டை. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அன்று காலை பிரித்துப் போட்ட நீலச் சட்டை. மடிப்புக் கோடுகூட ஒரே இடத்தில் இருந்தது. வகுப்பறையில் இருந்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முப்பத்தொன்பது பேரும் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்கள்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்திருந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருப்பதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தவர் போலிருந்தார். வருகைப் பதிவேட்டில் பழைய உறுப்பினர்கள் இருபத்துமூன்று, புதியவர்கள் நாற்பது. கணக்குப் போட ஒன்றாம் வகுப்புப் பாஸ் போதும்.

மைக்கண்ணன் எழுந்தார். "தலைவர் அவர்களே, நேரடியா விஷயத்துக்கு வரேன். கலைக்கணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்கப்பா!"

முப்பத்தொன்பது கைகள் எழுந்தன.

"இறக்குங்க, இறக்குங்க" என்றார் பல் டாக்டர். "விதி நாலு. போன கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்பைப் படிச்சு ஒப்புதல் வாங்காம, புதுசா எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது."

இந்த விதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் வருடத்தில் ஒரு கூட்டத்தில் டீ தீர்மானம் நிறைவேறியதா இல்லையா என்று அடுத்த கூட்டத்தில் சண்டை வந்து, அது நாலு கூட்டம் ஓடி, அதற்கப்புறம் எழுதிய விதி இது. பின்னிணைப்பு உட்பட ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதனாலேயே சங்கத்தை விட்டு விலகியவர்கள் உண்டு.

"அதைப் படிச்சதா வெச்சுக்கலாமே" என்றார் மைக்கண்ணன்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டா வெச்சுக்கலாம்" என்றார் தலைவர். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அறுபத்திரண்டு பேர் திரும்பித் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, எழுந்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஆவலோடு அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எதிர்க்கிறேன்" என்றார்.

ஆய்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "படிக்கணும்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

ஜெராக்ஸக்கா குறிப்பைப் படித்தாள். பத்தொன்பது பக்கம். டீ தீர்மானம், அதன் மேல் விவாதம், டம்ளரா கப்பா என்ற திருத்தம், திருத்தத்தின் மேல் ஓட்டெடுப்பு, கடைசியில் மனுப் போடும் தீர்மானம். ஒரு மணி நேரத்தில் நீலச் சட்டையில் ஆறு பேர் பீடி குடித்துவிட்டு வருவதாகப் போனார்கள். ஒன்பது வருடமாக இதைக் கேட்டுத் தேறிய பழைய உறுப்பினர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் வல்லவர்.

அந்தத் தீர்மானத்தின் பின்னிணைப்பு வந்தபோது ஜெராக்ஸக்காவுக்குக் குரல் கட்டிவிட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர் பாக்கி. "நான் படிக்கறேன் குடு" என்று டீச்சர் வாங்கிக்கொண்டார்.

டீச்சருக்குப் பெயர்ப் பட்டியலைப் படிக்க ஒரே ஒரு ராகம்தான் தெரியும். முப்பது வருடமாக வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த ராகம். பெயரைச் சொல்வார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த பெயர். சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஆட்கள் தங்களை அறியாமல் நிமிர்ந்தார்கள். ஒருவன் வாயிலிருந்ததை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மேட்டுத் தெரு ஒன்றாம் நம்பர் வீட்டில் தொடங்கி வீடு வீடாகப் பெயர்கள் போயின. இருநூற்று நாலாவது பெயர் வந்தபோது ஜெராக்ஸக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கதவு எண் எண்பத்தெட்டு" என்றார் டீச்சர். மேட்டுத் தெருவின் கடைசிக் கட்டடம் அது. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி இழுக்கிறவர்கள் தங்கும் விடுதி. அவர்கள் மேட்டுத் தெருக்காரர்கள் இல்லை, எங்கெங்கோ இருந்து பிழைக்க வந்தவர்கள். ஆனால் விலாசம் மேட்டுத் தெரு. காலை பதினொரு மணிக்கு அந்த விடுதியில் கொசுகூட இருக்காது.

டீச்சர் ஒரு பெயரைப் படித்தார்.

"உள்ளேன் டீச்சர்!"

மூன்றாவது பெஞ்சில் ஒரு நீலச் சட்டை எழுந்து நின்றது. கழுத்து தெரியாத அளவுக்குத் தோள் பருத்த மூட்டைக்காரர். எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று யோசித்தார்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக டீச்சர் பார்த்தார். "நீயா? அப்பா பேரு?"

சொன்னார்.

"வயசு?"

"நாப்பத்தொண்ணு டீச்சர்."

"சரியாத்தான் இருக்கு. உக்காரு."

மூட்டைக்காரர் உட்காரவில்லை. "டீச்சர், இது எதுக்கான லிஸ்ட்டு?"

"ஓட்டு இல்லன்னு அடிச்சவங்க லிஸ்ட்டு."

அறையில் ஒரு சலசலப்பு ஓடியது. மூட்டைக்காரர் மைக்கண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே... எனக்கு ஓட்டு இல்லையாமேண்ணே?"

"அதெல்லாம் அப்புறம் பேசி சரி பண்ணிக்கலாம். நீ உக்காருப்பா."

"போன தடவ உங்களுக்குத்தானேண்ணே போட்டேன்?"

"உக்காருன்னு சொன்னேன்ல!"

டீச்சர் அடுத்த பெயரைப் படித்தார். "உள்ளேன்" என்றது ஒரு குரல். அதற்கடுத்த பெயருக்கு இரண்டு குரல் வந்தது. ஒன்று ஆளுடையது, மற்றது 'இவன்தான் டீச்சர்' என்று காட்டிக்கொடுத்தது. எண்பத்தெட்டாம் எண் முடிவதற்குள் பதினோரு நீலச் சட்டைகள் எழுந்து நின்றிருந்தன. ஜெராக்ஸக்கா எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு குரலுக்கும் அவள் நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அந்த முகங்கள் அவளுக்கு இப்போது அடையாளம் தெரிந்தன. நாற்பது ஃபாரத்தில் ஒட்டியிருந்த போட்டோக்கள்.

மணி ஒன்றரைக்குக் குறிப்பு ஒப்புதலானது. எதிர்ப்பு ஒன்று.

மைக்கண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போதும்! இப்போ ஓட்டுக்கு வாங்க. கையைத் தூக்குங்க. யாரு தூக்கறான், யாரு தூக்கலன்னு நானும் பாத்துடறேன்." கடைசி வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எழுந்து நின்ற பதினோரு பேரும் மெல்ல உட்கார்ந்தார்கள். நாளைக்கும் சந்தையில் மூட்டை தூக்க வேண்டும். சந்தை மைக்கண்ணனுடைய மச்சான் குத்தகையில் இருக்கிறது.

ஜெராக்ஸக்காவுக்கு அது புரிந்தது. எழுந்து எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். கட்டிய தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது மூட்டைக்காரர் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதக் கட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்த சங்க விதிப்புத்தகம். "அண்ணே, ஒரு நிமிசம்" என்றார். "வேன்ல குடுத்தாங்க. உக்கார ஒண்ணும் இல்லாததால இதுமேலதான் உக்காந்து வந்தேன். இங்க வந்து வேற வேலை இல்லாம படிச்சேன். இதுல பதினேழாவதுன்னு ஒண்ணு போட்டிருக்கு. ஒரே ஒருத்தர் கேட்டாக்கூட ஓட்டைச் சீட்டுல எழுதி ரகசியமா போடணும்னு." எச்சிலை விழுங்கினார். "நான் கேக்கறேன்."

"டேய், நீ யாருடா கேக்கறதுக்கு?"

"உறுப்பினர்ணே" என்றார் மூட்டைக்காரர் பவ்யமாக. "நீங்கதானே சேத்துவிட்டீங்க."

மைக்கண்ணன் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் விதி பதினேழைப் படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். பேனா மூடியைத் திறந்தார். "சீட்டு" என்றார்.

கதவைச் சாத்தினார்கள். பீடி குடிக்கப் போன ஆறு பேர் போனவர்கள்தான். அறையில் ஐம்பத்தேழு பேர். ஜெராக்ஸக்கா ஐம்பத்தேழு சீட்டு கிழித்தாள். பள்ளிக்கூடத்தின் சாக்பீஸ் பெட்டியைக் காலி செய்து மேஜையில் வைத்தார்கள். கரும்பலகைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் எழுதி மடித்துப் போட்டார்கள். கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியது. மைக்கண்ணன் கரும்பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றபோது டீச்சர் ஸ்கேலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வாளரே எண்ணினார். கலைக்க, பத்தொன்பது. கலைக்கக் கூடாது, முப்பத்தெட்டு.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பழைய உறுப்பினர்கள் கத்திய கத்தலில் பள்ளிக்கூடத்து மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின. பல் டாக்டர் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். டீச்சர் ஜெராக்ஸக்காவின் கன்னத்தைக் கிள்ளினார். "நல்லவேளை நீ வாளியைக் கொட்டல" என்றார், கொட்டச் சொன்னது யாரோ மாதிரி. குரலில்லாத ஜெராக்ஸக்கா அழுதாள், சிரித்தாள், இரண்டுக்கும் சத்தம் வரவில்லை.

மைக்கண்ணன் நீலச் சட்டைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். அத்தனை முகங்களும் அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி இருந்தன. "யாருடா அந்தப் பதினஞ்சு பேரு?" என்றார்.

"அதானேண்ணே, யாருன்னே தெரியலயே" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அந்த ஒற்றுமையை ஃபாரத்தில் ஏற்கனவே பார்த்திருந்தோம்.

தையல்காரர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். கலைப்பை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவருடைய கட்சி ஜெயித்திருந்தது. எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் தவித்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி உத்தரவைத் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார்: 'மனுதாரர் சங்கம் தற்போது செயல்பாட்டில் இல்லாததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது ஜெராக்ஸக்கா உள்ளே வந்து ஆய்வாளரின் சான்றிதழை மேஜையில் வைத்தாள். மூன்று பிரதி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இவங்கெல்லாம் அங்க வசிக்கறாங்கன்னு என்ன ஆதாரம்?"

குரல் இன்னும் சரியாக வரவில்லை. ஜெராக்ஸக்கா ஜன்னலைக் கையால் காட்டினாள்.

அதிகாரி எழுந்து போய்ப் பார்த்தார். படிக்கட்டிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு, தெருமுனை திரும்பி அதற்கப்பால் கண்ணுக்கெட்டின வரைக்கும் வரிசை. சலவை ஆலை அன்றைக்கு ஓடவில்லை. ஊரில் பாதிப் பேர் அழுக்குச் சட்டையோடு ஆபீசுக்குப் போனார்கள். வரிசையின் நடுவில் ஆங்காங்கே நீலச் சட்டைகள், மடிப்புக் கலையாமல். ஒரு பாட்டி ஸ்டூலோடு வந்திருந்தாள். யாரோ பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, 'இவனுக்கு ஓட்டு இல்ல சார், சும்மா பாக்க வந்தான்' என்று ஆபீஸ் பியூனிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையுமா பாக்கணும்?" என்றார் அதிகாரி.

"விதிப்படி" என்றார் பல் டாக்டர், பரம திருப்தியோடு.

டீச்சர் பட்டியலைப் பிரித்தார். முதல் பெயரைப் படித்தார்.

சாயங்காலம் ஆறே காலுக்கு அதிகாரி கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு விரலை உதறிக்கொண்டார். சொந்த ஊருக்குப் போயிருந்த எட்டுப் பேருக்கு விடுதிக்காரர் வந்து சாட்சி சொன்னார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் வசித்தார்கள்.

வியாழக்கிழமை புதுப் பட்டியலை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது. ஆளாளுக்கு விரலை வைத்துத் தேடி, கண்டுபிடித்து, கண்டுபிடித்த இடத்தையே மறுபடி தடவிப் பார்த்தார்கள். மூட்டைக்காரர் தன் பெயரைச் செல்போனில் படமெடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார். ஜெராக்ஸக்காவின் புருஷன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மேலெல்லாம் இஸ்திரிச் சூட்டு வாசனை. மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இருநூத்தி நாலு. அதோ" என்றாள் அவள். குரல் திரும்பி வந்திருந்தது.

அவர் தன் பெயரைப் படித்தார்.  கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்புறம் திரும்ப ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏம்மா, வயசு முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கான்."

அவளும் பார்த்தாள். புருஷனுக்கு நாற்பத்திரண்டு. ஜெராக்ஸக்காவின் கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவைத் தேடியது.

"கையை எடு" என்றார் புருஷன். "இதை எதிர்த்து மட்டும் உங்க சங்கம் மனுப் போட்டுச்சு, அப்புறம் நான் மைக்கண்ணன் பக்கம் போயிடுவேன்."